ஆடிச்சுற்றும் ஆகாயச்சுற்றும்

அம்மாவிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டிய நொடியில்தான் அது பளிச்சென்று தோன்றியது: விண்வெளிப் பயணம் என்பது இதுதான்!

ஆடிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வேண்டிக்கொண்ட கணக்குக்குக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நடுவில் நிற்கக் கூடாது என்பது அம்மா தானாக வைத்துக்கொண்ட சட்டம். அதனால் நான் ஒரு தூணருகே செம்போடு காத்திருப்பேன். அம்மா வருவாள். நடந்தபடியே வாங்கி, அண்ணாந்து இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டு, கூடவே ஓடும் என் கையில் செம்பைத் திணித்துவிட்டு மூலை திரும்பி மறைவாள். மறுபடி தலை தெரியும்வரை எதிர் மூலையையே பார்த்தபடி நிற்பேன். விண்கலம் பூமிக்கு அந்தப் பக்கம் போகும்போது இங்கே இருப்பவர்களும் இப்படித்தானே காத்துக்கிடப்பார்கள்!

அது எண்பத்து நாலாம் வருஷம். சில மாதங்களுக்கு முன்புதான் நம் நாட்டுக்காரர் ஒருவர் ரஷ்ய விண்கலத்தில் ஏறிப் பூமியைச் சுற்றிவிட்டு வந்திருந்தார். பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி அறிவியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அடுத்த ஆள் நான்தான் என்பதில், ஆறாம் வகுப்புக்குப் போயிருந்த எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டிலும் அதே பேச்சுதான். அப்பாவுக்கும் அக்காவுக்கும் தினமும் வாக்குவாதம். அக்காவுக்கு மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் வெளியூர் போய்ப் படித்ததில்லை. வரும் திங்கட்கிழமைக்குள் சேர்ந்தாக வேண்டும். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே விண்கலம், ஆகாயம் என்று தாவிவிடுவார். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆகாயம் இருக்கையில் மதுரை என்ன பிரமாதம்?

பின்கட்டில் எங்களுக்கு விசைத்தறிகள் ஓடின. தறி ஓடும் வீட்டில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அன்பாகச் சொல்வதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அன்று மத்தியானமும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன குழாய்ல தண்ணி வரல. ராக்கெட்டு விட்ட துட்டுக்கு எத்தன கெணறு வெட்டலாம்! இவன் மேல போயிச் சுத்துதானாம்!" என்றார் அப்பா.

"போகாம இருந்தா மட்டும் குழாய்ல தண்ணி வந்துருமாக்கும்? மேல இருந்து பாத்தாத்தாம்ப்பா எங்கன என்ன கெடக்குன்னு தெரியும்" என்றாள் அக்கா.

"அதுக்கு மிஷின அனுப்ப வேண்டியதான? மனுசன எதுக்கு அனுப்புதான்?"

"மிஷினு நாம கேட்டதத்தான் பாக்கும். மனுசன் கேக்காததயும் பாப்பாம்லா!"

அப்பா ஊடை நூல் சுற்றிய கட்டையைக் கையில் உருட்டினார். "போறவனுக்கு என்ன? ஏத்தி விட்டவன்லா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணும்."

"அவருதான் பத்திரமாத் திரும்பி வந்துட்டாரேப்பா."

"வராமப் போயிருந்தா?"

அக்கா குனிந்து தரையில் கிடந்த நூலைப் பொறுக்க ஆரம்பித்தாள். அப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. அதோடு விட்டாரா? "கடைசில என்னத்தக் கண்டான்? சுத்திச் சுத்திக் கெளம்புன எடத்துக்குத்தான வந்தான்!"

இதற்குமேல் பொறுக்க முடியுமா? தறிச் சத்தத்துக்கு மேலே அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "அம்மா மட்டும் எங்க போறாளாம்? அவளுந்தான் சுத்திச் சுத்தி..."

கரண்ட் போனது. தறிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் நின்றன. என் தொண்டை மட்டும் நிற்கவில்லை.

"...கெளம்புன எடத்துக்கே வாரா! நீங்கதான சைக்கிள்ல கொண்டு விடுதீய!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். தறி ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, சின்னவ கேக்காள்லா, பதிலச் சொல்லுங்க!" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பிரகாரத்துக் கல் சுட்டதில் பாதம் கொப்பளித்துக் கிடந்தது.

"எதுக்குட்டி இப்பிடிச் சுத்துத?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? திங்கக்கெழம வருதுல்லா" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் திரும்பி வந்தபோது கேரியரில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பச்சைப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

பெட்டி எதற்கென்று எனக்கா தெரியாது? என் வாதம் எடுபட்டுவிட்டது. இனி புறப்பட வேண்டியதுதான் பாக்கி. மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, முழங்காலை மடக்கி, படத்தில் அவர் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்தேன். அளவு கச்சிதமாக இருந்தது.

"எந்திட்டி கழுத, என் துணிய வைக்கணும்" என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெயித்த நாளில் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கரண்ட் வந்து தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. பெட்டியருகே குத்தவைத்து, கொண்டியைப் போடுவதும் எடுப்பதும், மூடியை அழுத்திப் பார்ப்பதும், மறுபடி கொண்டியைப் போடுவதுமாக இருந்தார். சரிதான், மேலே போனால் காற்றுக் கசியக் கூடாதல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சோதனை முடிகிற மாதிரித் தெரியவில்லை. என் பங்குக்கு நானும் பயிற்சியை ஆரம்பித்தாக வேண்டும். நாளைக்குத் தபசுக் கடைகளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ராட்டினத்தில் ஏறி, உச்சிக்குப் போனதும் இரண்டு கையையும் விட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.