போர் வண்டி சோலைராஜ்

சாப்பிடும்போது தட்டின் மேல் விரலால் ஒரு சுழி போட்டால் சோலைராஜுக்கு ரசம் வேண்டும் என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும் என்று அர்த்தம். போர் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலில் பேச்சு எடுபடாது. தொழிலில் பழகிய சைகை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. “இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டு நானும் ஊமையாப் போனேன்” என்பார் மனைவி நாச்சியார். சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

சோலைராஜ் ராஜபாளையத்தில் போர் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர். புருவம், காதுமடல், நகக்கண் எல்லாம் பாறைப்பொடி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்தச் சாம்பல் நிறம் முழுசாகப் போகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், ஒரு வறட்சியில் இந்தத் தொழிலுக்கு வந்தார். அப்போது வண்டி தெருவில் நுழைந்தால் ஆரத்தி எடுத்தார்கள். பாறை விட்டுக்கொடுத்துத் தண்ணீர் மாடி உயரம் பீய்ச்சியபோது பெண்கள் குலவை போட்டார்கள். பிறகு வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். மில்லுகளிலிருந்தும் ஆள் வந்தது. ஒரு தெருவில் மூன்றாவது வீட்டுக்குத் துளை போட்ட மாதம் முதல் வீட்டுத் துளை வற்றியது. இன்னும் ஆழமாகப் போடச் சொல்லி முதல் வீட்டுக்காரர் ஆளனுப்பினார். சோலைராஜ் போனார்.

“ஒரே பானைக்குள்ளதான் அம்புட்டுப் பேரும் கைய விடுதோம். யாரு கை நீளம்னு போட்டி” என்று எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுப்பார்.

தளவாய்புரத்தில் அவருடைய அக்கா பரிபூரணத்துக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டமும் கிணறும் உண்டு. தாயில்லாத தம்பியை அந்த வருமானத்தில் வளர்த்து ஆளாக்கியவர். பக்கத்துத் தோட்டத்துக் குருசாமி துளை போடக் கூப்பிட்டபோது சோலைராஜ் பலநாள் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். வேறு வண்டியைக் கூப்பிடுவதாகக் குருசாமி சொன்னதும் போய்ப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோடையில் அக்காவின் கிணறு தரை காட்டியது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் சோலைராஜால் தாங்க முடியவில்லை. மதுரையிலிருந்து, முள் ஆடும் பெட்டியோடு ஒருவரை வரவழைத்தார் அக்கா. அவர் மண்ணில் கம்பி ஊன்றிப் பார்த்து, ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகே அக்கா தம்பி வீட்டுக்கு வந்தார்.

“குருசாமிக்குப் போட்டதுக்கும் கீழ எனக்குப் போடு தம்பி.”

“அவரு அதுக்கும் கீழ போடுவாருக்கா. பொறவு நீ, பொறவு அவரு. கடைசில ரெண்டு பேருக்கும் இருக்காது.”

“அதப் பொறவு பாத்துக்கிடலாம். மரம் காயுது. மிஷினு இருக்குன்னு காட்டுது, மிஷினு பொய் சொல்லுமா?”

மறுநாள் காலையில் தொடங்கினார். துளைக்குள் இரும்பு ராடுக்கு மேல் ராடாக இறங்கியது. குழியிலிருந்து பொடிதான் புகையாக வந்துகொண்டிருந்தது, ஈரம் இல்லை. வாடிய எலுமிச்சை இலைகள் மேல் அது வெள்ளையாகப் படிந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே நின்றார். வெயில் சாய்கிற நேரத்தில் வண்டியிலிருந்த கடைசி ராடும் உள்ளே போய்விட்டது.

அக்கா பக்கத்தில் வந்து தம்பியின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். உதடு அசைவது தெரிந்தது. இயந்திரத்தை நிறுத்தினால் அது காதில் விழுந்துவிடும்.

சோலைராஜ் குனிந்து, கம்ப்ரசரை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டார்.