இழைப்புளிக்குப் புதுக் கைப்பிடி

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். பழைய கைக்கருவிகள் சேர்க்கிறவர்கள் வட்டத்தில் அவர் பெயர் துரு. எப்பேர்ப்பட்ட துருப்பிடித்த உளியும் அவர் கைக்குப் போய் வந்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால் வந்த பட்டம். பாராட்டாகத்தான் வைத்தார்கள். அவர் மனைவிதான், “வீடு பூரா அதுதான கொட்டிக் கிடக்குது, பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க” என்பாள்.

வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கடையின் திருப்புளி வழுக்கிக்கொண்டே இருக்கவும், எரிச்சலில் எழுந்துபோய்ப் பழைய இரும்புக் கடையில் ஒன்று வாங்கி வந்தார். பித்தளைக் கழுத்தும் மரப்பிடியும் உள்ள சின்னத் திருப்புளி. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபோது கழுத்தில் யாரோ கீறி வைத்திருந்த இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அவ்வளவுதான், ஆள் காலி. அன்று முதல் சம்பள நாளில் மற்றவர்கள் துணிக்கடைக்குப் போனால் இவர் இரும்புக் கடைக்குப் போனார். துணி துவைக்கும் இயந்திரம் வைப்பதற்கென்று சமையலறைக்குப் பின்னால் கட்டிய சின்ன அறை அவர் பட்டறை ஆயிற்று. இயந்திரம் இன்றுவரை குளியலறை வாசலில் நிற்கிறது.

சுவரில் பலகை அடித்து, உளிகள் ஒரு வரிசை, அரங்கள் ஒரு வரிசை, கையால் சுற்றும் துளைப்பான்கள் ஒரு வரிசை என்று மாட்டி வைத்திருந்தார். வருகிற விருந்தாளி காபியைக் குடித்து முடிப்பதற்குள் அந்தச் சுவரைப் பார்த்தே ஆகவேண்டும். தப்பித்தவர் கிடையாது.

தப்பிக்க நினைக்காதவர் ஒருவர் உண்டு. அவருடைய அண்ணன். அண்ணன் தச்சர். கதவு, ஜன்னல் சட்டங்கள் செய்து பிழைத்தவர். கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். துருவுக்கும் தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது? ஒரு விடுமுறை நாளில் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சுவர் முன்னால் நிறுத்தினார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

“எல்லாம் பல்லு விளக்கின மாதிரி பளபளன்னு இருக்குடா. ஏதாவது என்னைக்காவது சாப்பிட்டிருக்கா?”

உடனிருந்த உறவுக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். துரு சிரிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டார். அண்ணன் வீட்டுக்குப் போவது மாதம் ஒரு தடவை என்றிருந்தது, பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் என்றாயிற்று. அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. ‘அவன் வந்தா வரட்டும்’ என்று இருந்துவிட்டார். இருவருக்கும் ஒரே தாய் வயிற்று வீம்பு. கடைசியாக ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தபோது, “சாப்பிட்டாச்சா?” என்று அண்ணன் கேட்டார். “ஆச்சு” என்றார் துரு. அதற்குப் பிறகு அவர்கள் பேசவே இல்லை.

வீட்டில் கிடைக்காத மரியாதை துருவுக்கு வட்டத்தில் கிடைத்தது. மூடிப்போன ஒரு பெட்ரோல் நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். அவரவர் கண்டெடுத்ததைத் துண்டு விரித்துப் பரப்புவார்கள். அங்கே விற்பது, வாங்குவது கிடையாது. கொடுப்பது, எடுப்பதுதான். நடுவில் ஒரு மரப்பெட்டி இருக்கும், உதிரிப் பெட்டி. கழற்றிய கைப்பிடி, மிஞ்சிய திருகு, ஜோடி இல்லாத ரம்பத் தகடு எல்லாம் அதில் விழும். வேண்டியவர் எடுத்துப்போய்த் தன் கருவிக்கு, தன் கைக்கு ஏற்ற மாதிரி செதுக்கிப் பொருத்திக்கொள்ளலாம். பெட்டியில் போட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. ஒரு தடவை நடந்த சண்டைக்குப் பிறகு அந்த விதியைப் போட்டவரே துருதான்.

ஒரு ஜன்னல் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். செய்தி வந்ததும் துரு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினார். அண்ணன் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றார். ‘ஆச்சு’ என்ற அந்தப் பாழாய்ப்போன பதில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் அண்ணி ஒரு துணிப்பையோடு வந்தார். அண்ணனின் மற்றக் கருவிகளை அவரோடு வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். ஒன்றை மட்டும் கொடுக்க மனம் வராமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம். கூரை ஒழுகி நனைந்துவிட்டது. பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். இரும்பு உடம்பும் மரக் கைப்பிடியும் உள்ள இழைப்புளி. அண்ணன் இளவயதில் யாரிடமோ பழசாக வாங்கி, கடைசிவரை மரத்தை இழைத்தது அதில்தான்.

“வேற யார்கிட்டயும் கொடுக்கப் பயமா இருக்கு தம்பி. துருவை மட்டும் எடுத்துக் குடுங்க.”

‘மட்டும்’ என்று அண்ணி தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் பசித்தவன் முன்னால் தட்டை வைத்து ஒரு வாய் மட்டும் சாப்பிடு என்றால் கேட்பானா? அதுவும் இது வெறும் ஆசையில்லை. அண்ணனிடம் பேசாமல் விட்ட வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து இதில் செய்துவிடவேண்டும் என்று துருவுக்கு ஒரு வெறி. அண்ணன் இருந்து பார்த்தால் வாயடைத்துப் போகிற மாதிரி செய்யவேண்டும் என்று நினைத்தார். அப்படி நினைக்கும்போதே கண் கலங்கியது.

இரும்பைக் கழற்றி ஊறவைத்தார். அலகைத் தீட்டினார். ஒவ்வொரு திருகையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கைப்பிடிக்கு வந்தபோது அதைப் பலமுறை திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு விரிசல் இருந்தது. வலது பக்கம் ஒரு பள்ளம். பின்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்போது பெருவிரல் இடது பக்கமாக அல்லவா போய் அழுந்தும்? தேய்மானம் அங்கேதான் இருக்கவேண்டும். வலது பக்கம் குழி விழ நியாயமே இல்லை. பழைய சொந்தக்காரன் எவனோ கீழே போட்டு, உடைந்த இடத்தை அரத்தால் சுரண்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். கருவியின் உடம்பில் உள்ள ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் சொல்லத் தெரிந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு கருமரத் துண்டை எடுத்துப் புதுக் கைப்பிடி செதுக்கினார். அவர் செய்ததிலேயே அழகான கைப்பிடி அது, சும்மா சொல்லக் கூடாது.

பழைய கைப்பிடியை அடுத்த ஞாயிறு உதிரிப் பெட்டியில் போட்டார். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், எல்லோருக்கும் அவர் ‘லேத்து’, உடனே எடுத்துக்கொண்டார். இழைப்புளியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அண்ணனே மெச்சிய மாதிரி இருந்தது துருவுக்கு.

அண்ணி வந்த அன்று, இழைப்புளியை வெள்ளைத் துணியில் சுற்றி மேசைமேல் தயாராக வைத்திருந்தார். துணியைப் பிரித்ததும் அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

“அடேயப்பா, புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களே” என்றார் அண்ணி. கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த கை நின்றது. எடுத்துவிட்டு மறுபடி பிடித்தார். பெருவிரல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தடவித் தேடியது.

“தம்பி, அவர் கை எங்க?”

துருவுக்குப் புரியவில்லை.

“இதுல ஒரு குழி இருக்குமே. காலைல எந்திரிச்சதும் கட்டிலுக்கு அடியில கையை விட்டு அதைத்தான் பிடிப்பேன். விரல் அதுல போய் உக்காரும். அவர் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கும். அது எங்க?”

“அது... அடிபட்ட இடம்னு நினைச்சேன் அண்ணி. வலது பக்கம் இருந்துச்சு. யாரா இருந்தாலும் பெருவிரல் இடது பக்கம்தானே வரும்...”

“அவருக்கு இடது கைதான தம்பி” என்றார் அண்ணி, கோபமே இல்லாமல். “மறந்துட்டீங்களா?”

சுவரில் மாட்டிய அத்தனை உளியும் ஒரே நேரத்தில் தலைமேல் விழுந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் அவர்கள். எழுதும்போது அண்ணனின் இடது முழங்கையும் தம்பியின் வலது முழங்கையும் இடித்துக்கொண்டு தினம் சண்டை. அம்மாதான் ஒரு நாள் இடத்தை மாற்றி, அண்ணனை இடது ஓரத்தில் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையிலும், பேருந்திலும், அப்பாவின் சைக்கிளைத் தள்ளும்போதும் அண்ணன் எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான். ஊரார் கருவியில் எவன் எவன் கை பட்டது என்று துப்புத் துலக்கியவருக்குச் சொந்த அண்ணனின் கை மறந்துபோயிற்று.

“அது இருக்கு அண்ணி. பத்திரமா இருக்கு. கொஞ்ச நேரம் உக்காருங்க, கொண்டுவந்துடறேன்” என்று செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார்.

லேத்து பட்டறையில் இருந்தார். துருவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. “வாங்க துரு! நானே உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேன்” என்று தன்னுடைய இழைப்புளியை எடுத்துக் காட்டினார். அதில் அண்ணனின் கைப்பிடி இருந்தது. விரிசலை ஒட்டி, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசி வைத்திருந்தார். கைப்பிடி பாதியாக மெலிந்திருந்தது.

“வலது பக்கம் ஒரு குழி இருந்துச்சு. அது மறையிற வரைக்கும் சுத்திலும் அரத்தால இழுத்துட்டேன். இப்ப என் கைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, பிடிச்சுப் பாருங்க!”

துரு பிடித்துப் பார்த்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை. லேத்துவைக் கோபித்துக்கொள்ள முடியுமா? விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார் மனுஷர்.

“இழுத்த தூள்...?” என்று கேட்டார் துரு. கேட்ட பிறகுதான் தாம் என்ன கேட்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

“பெருக்கிக் கொட்டியாச்சு. ஏன், என்ன ஆச்சு? ஏன் அழறீங்க?”

விஷயத்தைக் கேட்டதும் லேத்து திருகைக் கழற்றிக் கைப்பிடியைத் துருவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். “விதி கெடக்குது, எடுத்துட்டுப் போங்க” என்றார்.

வீட்டில் அண்ணி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் இருந்தாள். துரு கைப்பிடியை நீட்டினார். அண்ணி வாங்கினார், விரலால் ஒரு சுற்றுத் தடவினார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது வேற யாரோட கையோ தம்பி.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை உலகத்தில் எல்லோருக்கும் நடக்கிறது, திட்டு வாங்கிக்கொண்டு ஆறிப்போகிறார்கள். அண்ணி திட்டவில்லை. கொண்டுவந்த துணிப்பையை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“இழைப்புளியை நீங்களே வச்சுக்குங்க. இவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க, உங்க சுவத்துல நல்லா இருக்கும்.”

“அண்ணி, மன்னிச்சிடுங்க அண்ணி.”

“ஐயோ, வேணும்னா செஞ்சீங்க? விடுங்க” என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்கு நாளைக் காலையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வேலை தொடங்குமுன் படம் எடுத்து வைப்பது துருவின் வழக்கம். போனில் தேடினார். படம் இருந்தது. துருப்பிடித்த இரும்பை ஒவ்வொரு புள்ளியும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தார். கைப்பிடி ஓரத்தில் மங்கலாக, பாதி வெட்டுப்பட்டு நின்றது. அவர் பார்த்ததெல்லாம் துருவைத்தான்.

அந்த இழைப்புளியை அவர் சுவரில் மாட்டவில்லை. வட்டத்துக்கு மறுபடி கொண்டுபோகவும் இல்லை. மறுநாள் காலையில் ஒரு பலகையை மேசையில் இறுக்கி, இழைப்புளியை இடது கையால் பிடித்துத் தள்ளினார். அது நகராமல் அடம்பிடித்தது. பலகையில் பள்ளமும் மேடுமாக விழுந்தது. மேசை சுவரை ஒட்டி இருந்ததால் இடது முழங்கை சுவரில் இடித்துத் தோல் வழண்டது. அதற்கடுத்த நாளும் தள்ளினார். அதற்கடுத்த நாளும்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். “வலது கைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணும் ஆகல.”

அவள் கருமரக் கைப்பிடியின் வலது பக்கத்தில் அவருடைய பெருவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுந்தியிருப்பதைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“குழி விழ எவ்வளவு நாள் ஆகும்?”

“அண்ணனுக்கு முப்பது வருஷம் ஆச்சு.”

அவர் வயது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தலையில் அடித்துக்கொள்ளவேண்டிய இடம்தான். ஆனால் அவள் உள்ளே வந்தாள். மேசையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கி, “அந்தப் பக்கம் பிடிங்க” என்றாள். இருவருமாக மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்கள், இடது பக்கம் ஒரு முழங்கைக்கு இடம் விட்டு.