பஜ்ஜிக்கு இறக்குமதி வரி

மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் எடுப்பவன் நான். நாட்டின் பட்ஜெட்டில் ஏன் துண்டு விழுகிறது என்று ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவேன். காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் எங்கள் வீட்டு பட்ஜெட்டில் விழும் துண்டைப் பற்றி என் மனைவிதான் பேசுவாள்.

போன வருடம் எங்கள் மிக்சி புகைந்து நின்றுபோனது. தோசை மாவைக் கடையில் வாங்கினோம். சட்னியை அவள் அம்மியில் அரைத்தாள். மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே, "தீபாவளிக்குள்ள ஒரு மிக்சி வாங்கிடலாமாங்க?" என்றாள். வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டே கஜானாவை நிரப்பிவிடலாம் என்று டிவியில் யாரோ அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என் மூளையும் சும்மா இருக்கவில்லை.

"இனிமே கேட்டைத் தாண்டி உள்ள வர்ற தின்கிற சாமானுக்கெல்லாம் பத்து ரூபா வரி. டப்பாவுல போடணும். அதுல மிக்சி வாங்குறோம்."

"அப்ப நீங்க சாயங்காலம் கடையில வாங்கிட்டு வர்ற பஜ்ஜிக்கும் உண்டுல்ல?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்றேன் பெருந்தன்மையாக.

காரைக்கால்காரனிடமா வரி? நாகப்பட்டினத்திலிருந்து என் மச்சான் பாசத்தோடு வந்து நிற்கிறார் என்றால், வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று பொருள். காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது; எங்கள் பக்கம் பெட்ரோலுக்கு வரி குறைவு. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன், பஜ்ஜியைக் கேட்டுக்கு வெளியே நின்றே தின்றேன். மழை நாளில் தோள் துண்டில் சுருட்டி உள்ளே கடத்தினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் துணி துவைக்க எடுத்தவள் துண்டை விரித்துப் பார்த்தாள். "பட்ஜெட்டுல துண்டு விழுதுன்னீங்க. இது எண்ணெய்ச் சட்டியில விழுந்தாப்ல இருக்கே?"

பேச்சை மாற்ற டப்பாவைத் திறந்தேன். பாதிக்கு மேல் நோட்டுகள்.

"பாத்தியா, வரி போட்டா துண்டு விழாது."

"நல்லாப் பாருங்க" என்றாள்.

ஒவ்வொரு நோட்டிலும் மஞ்சள் கறை. எல்லாம் அவளுடைய அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கிடக்கும் காய்கறிக் காசு.

"மாவு வாங்குன அன்னைக்கெல்லாம் போட்டேன். மாவுக்காரரா வந்து கட்டுவாரு? அதான் மாசக் கடைசியில காய்க்குப் பத்தலன்னு உங்ககிட்டயே வந்து நின்னேன்."

மிக்சி இல்லாததால் மாவு, மாவு வாங்கியதற்கு வரி. பஜ்ஜிக்காக நான் போட்டது என்று அந்த டப்பாவில் ஒரு நோட்டுகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

அன்று சட்னிக்கு நானே அம்மி முன் உட்கார்ந்தேன். அரை மூடித் தேங்காய் அரைபடுவதற்குள் மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. இந்த வலியோடுதான் அவள் வரியும் கட்டியிருக்கிறாள்.