எங்கள் தெருவின் வைத்தியச் சீட்டு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசையில், தபால் அட்டை வந்தால் அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வீட்டிலேயே வாசித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, டைப்ரைட்டிங் பழகிக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தேன். நயா பைசா வந்த புதிது. ஊரே கணக்குக் கேட்டு என்னிடம்தான் வரும். அதனால்தான் இந்தப் பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. வேறு யார் தலையிலாவது விழுந்திருந்தால் அந்த வருஷம் எனக்கு இத்தனை எரிச்சல் இருந்திருக்காது.

தெருமுனை டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். மங்களூர்ப் பக்கம், தமிழைக் கன்னட வாடையோடு பேசுவார். எங்கள் ஜனங்கள் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள், வந்தாலும் காசில்லாமல் மருந்தைப் பாதியில் விடுகிறார்கள் என்று அவருக்குக் கவலை. அதற்காக ஒரு நிதி தொடங்கினார். வீட்டுக்கு மாதம் எட்டணா. கட்டிய வீட்டில் யாருக்கு எப்போது உடம்புக்கு வந்தாலும் வைத்தியமும் மருந்தும் சும்மா கிடைக்கும். "நீ அவர்கள் மனுஷி அம்மா, நீ சொன்னால் கேட்பார்கள்" என்று என்னை வீடு வீடாக அனுப்பினார்.

முதல் வீடாக எதிர் வீட்டுக்குப் போனேன். எதிர் வீட்டு அக்கா பங்களாவில் ஆயா வேலை பார்ப்பவர்; அதோடு எங்கள் தெருவின் பாத்திரச் சீட்டை நடத்துபவரும் அவர்தான். மாதாமாதம் எல்லோரும் காசு போடுவார்கள், குலுக்கிப் போட்டு யார் வீட்டு எண் விழுகிறதோ அந்த வீட்டுக்கு அண்டாவோ குத்துவிளக்கோ போகும். அவரைப் பிடித்தால் தெருவையே பிடித்த மாதிரி.

"உடம்பு நல்லாக்கீற வூட்டுல வந்து சீக்குக்குக் காசு கேக்கறியே, உனக்கே நல்லாக்கீதா பாப்பா?" என்றார் அவர்.

"சீக்கு வந்தா உதவும்கா."

"வரலன்னா காசு இன்னா ஆவும்? திருப்பித் தருவாங்களா?"

"தரமாட்டாங்க. சீக்கு வந்த வேற வீட்டுக்குப் போகும்."

"எவளோ கண்டதத் தின்னுட்டு வாந்தி எடுப்பா, அதுக்கு நான் துட்டு கட்டணுமா? நல்லாக்கீதே நாயம்!"

எல்லா வீட்டிலும் இதே பாட்டு. ஒரு வாரம் தொண்டை வறளப் பேசினேன். பிறகு ஒரு காலையில், என்ன நடந்ததென்றே தெரியவில்லை, வரிசை முழுவதும் எட்டணாவோடு வந்து நின்றது. நான் பேசிய பேச்சு பலித்தது என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீ சொன்னது ஒண்ணும் வெளங்கல பாப்பா. எதிர் வூட்டு அக்கா சொன்னாங்க, சட்டுனு புரிஞ்சிப்போச்சு" என்று கடைசி வீட்டுக்காரி சொன்னபோதாவது, அக்கா என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டுத் துண்டுக் காகிதங்களில் வீட்டு எண்களை எழுதித் தரச் சொன்னார். வழக்கமான பாத்திரச் சீட்டு என்று நினைத்து அழகாக எழுதிக் கொடுத்தேன்.

தை, மாசி, பங்குனி போயிற்று. சித்திரையில் ஒருநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனம்மா இது? ஒரு மாசம் ஒரே வீட்டு ஜனம் மொத்தமும் வருது. மாமியார், மருமகள், அல்சூர்லேருந்து வந்த விருந்தாளி, எல்லாருக்கும் டானிக் வேணுமாம். அடுத்த மாசம் அவங்களைக் காணோம், வேறே வீடு வருது. உங்கள் தெருவிலே காய்ச்சல்கூட வரிசையிலேதான் நிற்குமா?"

எனக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அம்மாவால்தான் புரிந்தது.

அம்மாவுக்கு அப்போது விடாத இருமல். பாத்திரம் தேய்க்கப் போன வீட்டிலிருந்து திரும்பினால் சாயங்காலமானதும் உடம்பு கொதிக்கும். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்திருந்தது. எட்டணா தவறாமல் கட்டுகிறோம், டிஸ்பென்சரி கூப்பிடு தூரம், போய்க் காட்டு என்று நான் தினமும் சொல்வேன். ஏதாவது சாக்குச் சொல்வாள். அன்று பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"நம்ம மாசம் பங்குனியிலயே போயிடுச்சிடி" என்றாள்.

"எங்கே போயிடுச்சு?"

"கடைசி வூட்டுப் பொண்ணு பிரசவத்துக்குக் குடுத்துட்டேன். அவங்களுக்குச் சீட்டு ஆடியிலதான் வுழுந்துது. வயித்தப் புடிச்சிக்கினு ஆடி வரைக்கும் நிப்பாளா அவ?"

நான் எழுதிக் கொடுத்த துண்டுகளைக் குலுக்கித்தான் வீட்டுக்கு ஒரு மாதம் என்று அக்கா வைத்தியத்தையே பங்கு போட்டிருந்தார். என் வாயில் வந்ததெல்லாம் கத்தல்தான். இது சீட்டு இல்லை, குலுக்கல் இல்லை, முறை இல்லை, யாரும் எந்த நாளும் போகலாம் என்று கத்தினேன்.

"கத்தாதே. அல்லாரும் எந்த நாளும் போனா அந்த எட்டணா எத்தினி பேருக்கு வரும்? படிச்சவதானே, நீயே சொல்லு" என்றாள் அம்மா. "இந்தத் தெருவுல யாருகிட்டயும் தலகுனியாம நடந்தவ நான். முறை இல்லாம போய் நின்னா, நாளைக்குக் கொழாயாண்ட இன்னா பேசுவாங்க?"

எவ்வளவு மன்றாடியும் அசையவில்லை. தெரு ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்றாள். ஏற்கெனவே எங்களுக்கு உரியதைக் கேட்டு வாங்க நான் மறுநாள் குழாயடிக்குப் போக வேண்டியதாயிற்று.

"படிச்ச வூட்டுக்கு மட்டும் ரெண்டு சீட்டா?" என்று குடத்தை நகர்த்தியபடி ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எதிர் வீட்டு அக்கா சிரிக்கவில்லை. "உங்கம்மா இருமறது எங்க வூடு வரைக்கும் கேக்குது. வைகாசி எங்க மாசம். எடுத்துக்கோ. பதிலுக்கு என் பொண்ணுக்கு நீ இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் குடு."

வைகாசி யாருடையதும் அல்ல என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு சரி என்றேன்.

டாக்டரம்மா அம்மாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், தட்டிப் பார்த்தார், சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நெஞ்சில் க்ஷயம் பற்றியிருந்தது. "நல்ல நேரத்துக்கு வந்தாய். ஊசியிலே சரியாகும். ஆனால் நான் போதும் என்கிற வரை நிறுத்தக் கூடாது. நடுவிலே விட்டால் மறுபடி வரும், அப்போ இந்த மருந்து கேட்காது" என்றார். தினம் ஊசி. மாதக்கணக்கில். அம்மா போனாள். சில வாரத்திலேயே சாயங்காலக் காய்ச்சல் விட்டது. எனக்கு மூச்சு வந்தது.

வைகாசி முடிவதற்குள் டாக்டரம்மாவுக்கு வேறொரு யோசனை. நிதியில் சேர்ந்தவர்களுக்குத் திருப்திதானா என்று வீடு வீடாகக் கேட்டு வரச் சொன்னார். போனேன்.

"இன்னா திருப்தி? எங்க மாசத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. தண்டம்" என்றது ஒரு வீடு.

"அந்தம்மா குடுத்த டானிக் கசப்பு. பக்கத்து வூட்டுக்குக் குடுத்தது தித்திப்பாம். அதெப்படி?" என்றது இன்னொன்று.

பிரசவம் பார்த்த கடைசி வீட்டில் பேத்தி பிறந்ததற்கு டாக்டர்மேல் வருத்தம்.

எதிர் வீட்டை அடைந்தபோது உள்ளே அக்காவின் சின்னப் பெண் வீறிட்டுக்கொண்டிருந்தாள். காதிலிருந்து சீழ் வழிந்து கழுத்து நனைந்திருந்தது. அக்கா எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏன்கா, டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கினு போகலாமே!"

"எங்க மாசத்தத்தான் உங்கம்மாவுக்குக் குடுத்துட்டேனே" என்றார் அக்கா. குறையாகச் சொல்லவில்லை, இன்று செவ்வாய்க்கிழமை என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

மறுநாள் அம்மா ஊசிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. "அந்தக் கொழந்த காதப் புடிச்சிக்கினு அழுவுது, நான் போய் ஊசி குத்திக்கினு வரணுமா?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மறுபடியும் இருமல் கேட்டது.

இனி விளக்கிப் பயனில்லை. எதிர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். "ஏய் பாப்பா, எங்கடி தூக்கிக்கினு போறே? மானத்த வாங்காதே!" என்று அக்கா பின்னால் ஓடி வந்தார். டிஸ்பென்சரி வாசலில் வந்து முக்காடு போட்டுக்கொண்டு திருடியைப் போல நின்றார். டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் காதைத் துடைத்தார், மருந்து விட்டார், பஞ்சு வைத்தார், நாளைக்கும் கூட்டி வா என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் அம்மா எங்கே? ஊசி நிற்கக் கூடாது என்றேனே!" என்று கோபித்தார்.

திரும்பும் வழியில் நான் குழந்தையோடு முன்னால் நடக்க, அக்கா குழாயடியில் நின்று ஏதோ பேசிவிட்டு வந்தார். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, எய்ந்திரு. அந்த டாக்டரம்மாவுக்குக் கணக்கே தெரியல. யாரு மாசம், யாரு சீட்டு, ஒண்ணும் பாக்க மாட்டேங்கறாங்க. என் பொண்ணுக்கும் பாத்தாங்க, உன்னையும் கேக்கறாங்க. பாவம், வெகுளி."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "ஏமாத்தற மாதிரி ஆவாதா?"

"ஆவுந்தான். கொழாயாண்ட சொல்லிட்டுத்தான் வரேன். கடைசி வூட்டுக்காரியும் நாளைக்குப் பேத்தியத் தூக்கிக்கினு வரா. அல்லாரும் போறோம், யாருக்கு யாரு கடன்? அவங்க முழிச்சிக்கறதுக்குள்ள உன் ஊசிய முடிச்சிக்கோ."

அம்மா கொடியில் கிடந்த நல்ல சேலையை எடுத்தாள். நிதியே அதற்குத்தான், இதில் ஏமாற்றே இல்லை என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"நீ படிச்சவன்னு அந்தம்மாகிட்ட போய் எதையாவது வெளக்கி வெச்சிடாதே."

இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஓரமாக, அவசரமாக நடந்து போனார்கள். அம்மாவுக்குக் கடைசி ஊசி போட்டு முடியும்வரை நான் எங்கள் தெருவில் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.