சாத்தாத கதவு

இன்று காலை ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும், நினைவில் பள்ளிக்கூடப் பையோடு சூரியநெல்லியின் பழைய கடைவரிசைக்குள் ஓடத் தொடங்கிவிட்டேன். ஒரே தகரக்கூரையின் கீழ் இருந்த அந்தக் கடைகளின் இடைச்சுவர்களில் எல்லாம் கதவு உண்டு. மழைக்காலத்தில் அவற்றை யாரும் சாத்துவதில்லை என்பதால், டீக்கடையில் நுழைந்து, பலசரக்குக் கடையின் ஏலக்காய் மணத்தையும் அப்பாவுடைய தையல் மிஷினின் கடகடப்பையும் கடந்து, ஒரு சொட்டு மேலே படாமல் பஸ் ஏறுவோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காமார் அதே வழியில் சாமான் வாங்கி, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்து, ஊர்க்கதையும் பேசி முடித்துவிடுவார்கள்.

பஸ் ஸ்டாப் பக்கத்துப் பாதியைப் போன வருடம் இடித்துவிட்டு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டுகிறார்கள். அப்பாவின் கடையை இப்போது நான் நடத்துகிறேன், விற்க மறுத்துவிட்டேன். என் இடைச்சுவர்க் கதவுக்கு நேரே அவர்களுடைய சிமெண்டுச் சுவர் நிற்கிறது. அதில் வழியும் மழை உள்ளே தெறிப்பதால் தரையில் சாக்குப் போட்டிருக்கிறேன்.

“அந்தக் கதவ அடைச்சிருங்கம்மா, இனி அது எதுக்கு?” என்றார் காம்ப்ளக்ஸ் கட்டும் காண்ட்ராக்டர்.

“மழைக்காலத்துல நாங்க கதவு சாத்துறதில்ல சார். நீங்க சுவத்துல வழி விடுங்க.”