விட்டுப் படித்த சொல்

இமக்குலேற்றின் வாய்க்குப் பயந்து கல்முனைச் சந்தையில் மீன்காரர்கள் விலையைக் குறைப்பார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவளுடைய தெருவில் யாரும் அவளோடு வாய்கொடுக்கப் போவதில்லை. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். மெதடிஸ்த சபைக்காரரான அல்பேட்டைக் கட்டியபோது, பெண் சபை மாறவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். மாறினாள். மாறினாளே தவிர மன்னிக்கவில்லை. முப்பது வருசம் கழிந்த பிறகும், கோபம் வந்தால் கத்தோலிக்கச் செபமாலையை எடுத்து அல்பேட்டின் காதில் விழும்படி உரத்துச் சொல்லுவாள். அவர் அதற்கு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அந்த வீட்டில் சமயம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது.

அல்பேட் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். போதகர் வேறு ஊர்ச் சபைக்குப் போகிற ஞாயிறுகளில் பிரசங்கம் அவருடையது. நல்ல குரல், அந்தக் குரலில் அவருக்கே ஒரு மயக்கமும் உண்டு. இமக்குலேற் முன்னறையில் தையல் மெசினைப் போட்டுப் பள்ளிக்கூட உடுப்புத் தைத்தாள். மருதமுனை, சாய்ந்தமருதுப் பெண்கள் அபாயா தைக்கவும் அவளிடம்தான் வருவார்கள். இருவருக்கும் ஒரே மகன், அஜந். மட்டக்களப்பில் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வருவான், ஞாயிறு காலை சபையில் கீபோட் வாசிப்பான்.

திருக்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு சம்பந்தத்தை அல்பேட் புகழ்ந்துகொண்டிருந்த மத்தியானம் ஒன்றில் அந்த அஜந் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"எனக்குப் பொம்பிளப் பிள்ளைகளில விருப்பம் வராதுப்பா. எனக்கு விருப்பம் வாறது ஆம்பிளைகளில. சின்ன வயசில இருந்தே அப்படித்தான். ஒரு பிள்ளைட வாழ்க்கையப் பாழாக்கச் சொல்லாதீங்க."

அல்பேட் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "சபைக்கு முன்னால எழும்பி, இது பாவம் எண்டு சொல்லி, செபம் பண்ணச் சொல்லிக் கேள். கேட்டா நீ என்ட மகன். இல்லாட்டி இந்த வீட்டுப் படி ஏறாத."

அஜந் பின்னேர பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

மகன் சொன்னது இமக்குலேற்றின் தலைக்குள் சரியாக இறங்கவேயில்லை. அவளுக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான்: அல்பேட் தன் பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறார். சண்டைக்கு அது போதும். அன்றிலிருந்து அவருக்கு வெறும் சோறு வைத்தாள். கறிச்சட்டி மெசினுக்குப் பக்கத்தில், அவளுடைய காவலில் இருந்தது. அல்பேட் பருப்பு வாங்கிவந்து தானே அவித்துத் தின்றார். ஆனால் சொன்ன சொல்லில் இருந்து இறங்கவில்லை.

கதை ஊருக்கு எப்படிப் பரவியது என்று தேடவேண்டியதில்லை. அல்பேட்தான் செபக் கூட்டத்தில், "பாவத்தில் சிக்குண்ட ஒரு வாலிபனுக்காக" மன்றாடும்படி கேட்டார். எந்த வாலிபன் என்று தெரியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்த மருதமுனைச் சுபைறாவுக்கே விசயம் தெரிந்திருந்தது.

"எங்கட ஊரெண்டா பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. உங்கட ஆக்கள் கூட்டம் வெச்சிக் கதைக்காங்களாமே, அது நல்லம்" என்றாள் சுபைறா.

"கையைத் தூக்கு. அளவெடுக்கத்தான் வந்த நீ" என்றாள் இமக்குலேற்.

கூட்டம் வைத்தது உண்மைதான். கண்டிப் பக்கம் இறையியல் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த ஸ்ரான்லி போதகர், புதன்கிழமை வேதபாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார். ஆணோடு ஆண் சேர்ந்ததற்காக அழிந்தது என்று சனம் நம்பும் சோதோம் பட்டணத்தின் பாவம், உண்மையில் ஏழையைக் கவனியாத பாவம் என்று ஒரு தீர்க்கதரிசியே சொல்லியிருக்கிறார் என்றார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கிரேக்கச் சொற்களுக்கு வந்தார்.

"அதில ஒரு சொல்லுக்கு 'மென்மையான ஆக்கள்' எண்டுதான் நேரடிக் கருத்து. மற்றச் சொல் ஆரைச் சொல்லுது எண்டதில படிச்ச ஆக்களே ஒருமிக்க இல்ல. காசு குடுத்து உடம்பு வாங்கிறவங்களை, சின்னப் பிள்ளைகளைக் கெடுக்கிறவங்களைத்தான் சொல்றார் எண்டும் ஒரு விளக்கம் இருக்கு."

"அப்ப நாளைக்குக் களவுக்கும் கிரேக்கில வேற கருத்து வருமா?" என்று பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு குரல் கேட்டது.

அல்பேட் எழுந்தார். "கிரேக்குத் தெரிஞ்சவனுக்கு ஒரு பரலோகம், தமிழ் தெரிஞ்சவனுக்கு வேற பரலோகமா, ஐயா? எங்கட சனத்துக்கு விளங்கிற தமிழில கிடக்கு. படிக்கிறன், கேளுங்க."

தேவனுடைய ராச்சியத்துக்குள் போகமாட்டாதவர்களின் வரிசை அந்த வசனத்தில் வருகிறது. விக்கிரகத்தை வணங்குகிறவன், விபசாரக்காரன் என்று போகும் வரிசை. ஆணோடு ஆண் சேருகிறவனைச் சொல்லும் சொல்லுக்குச் சற்று முன்னால், அந்தப் பழைய தமிழ் வேதாகமத்தில் இன்னொரு சொல் உண்டு. வாலிபப் பொடியன்களின் கைப்பழக்கத்தைச் சொல்லும் சொல். பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் சபையில் அதை வாய்விட்டு யார் படிப்பது? அந்தச் சபையில் எல்லோருமே அதை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுவார்கள். அல்பேட்டும் தாவினார்.

"நில்லுங்க" என்றாள் பெண்கள் பக்கம் இருந்த இமக்குலேற். "வரிசையில ஒராளை விட்டுட்டீங்க."

அல்பேட் காதில் விழாததுபோல மேலே படிக்கப் போனார்.

"என்ட மகனுக்கு முன்னுக்கு நிக்கிறவர். முப்பது வருசமா அவரை விட்டுட்டுத்தான் படிக்கிறீங்க. வெக்கமா, இல்லாட்டி உங்களுக்குப் பழக்கமான ஆளா?"

முதலில் பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்தது. பிறகு மண்டபமே சிரித்தது. போதகர்கூடச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார். இமக்குலேற் அதோடு விட்டாளா? பையிலிருந்து தன் தகப்பன் வீட்டுக் கத்தோலிக்க வேதாகமத்தை எடுத்தாள். அதில் அந்த இடத்தில் வேறொரு பாவம் இருந்தது. மூலச்சொல் இரண்டுக்கும் ஒன்றுதான், மொழிபெயர்த்தவர்கள் வேறு வேறாக விளங்கிக்கொண்டார்கள் என்று போதகர் ஒத்துக்கொண்டார்.

"ஒரு சொல்லுக்கு உங்கட ஆக்கள் ஒரு பாவம் வெச்சிருக்காங்க, எங்கட ஆக்கள் வேற பாவம் வெச்சிருக்காங்க. இதை நம்பியா நான் பெத்த பிள்ளையை வெளிய போட்டீங்க?"

அல்பேட் புத்தகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இமக்குலேற்றுக்குக் கலியாணத்துக்குப் பிறகு இப்படியொரு நாள் வாய்த்ததில்லை. வீட்டுக்குப் போன கையோடு மகனுக்குப் போன் எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வா மகன். அப்பாட வாய அடைச்சாச்சு. இனி அவர் ஒண்டும் கதைக்கமாட்டார். நான் சொல்றன், வா."

அஜந் இழுத்தான். அவள் விடவில்லை. தாயின் சொல்லை நம்பி வந்தான், வழமைபோலச் சபைக்கு முகம் காட்டிக் கீபோட்டுக்கு முன்னால் இருந்தான். ஸ்ரான்லி போதகர் அன்று வேறு சபைக்குப் போயிருந்தார். பிரசங்கம் அல்பேட்டுடையது. அது இமக்குலேற்றுக்குத் தெரியாமல் இல்லை. புதன்கிழமை அடி வாங்கிய மனிசன் அந்த வசனத்தின் பக்கமே இனித் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அல்பேட் அதே வசனத்தைத்தான் எடுத்தார். இந்த முறை ஒன்றையும் விழுங்கவில்லை. விட்டுப் படிக்கிற அந்தச் சொல்லை நிதானமாகச் சொன்னார். கேட்காதவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னார். சனம் நிலத்தைப் பார்த்தது.

"இந்தப் பாவத்தை நான் வாலிபத்தில செய்தனான்" என்றார். "ஆண்டவரிட்ட அழுது மன்னிப்புக் கேட்டனான். இண்டைக்கு உங்களுக்கு முன்னாலயும் சொல்லிட்டன். என்ட மனிசி கேட்டது நியாயம், ஒராளையும் விடப்படாது. வரிசையில அடுத்த ஆளும் இங்கதான் இருக்கிறார். அவரும் சொல்லட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாக் கண்ணும் கீபோட்டின் மேல் போய் நின்றது. இமக்குலேற்றும் அங்கேதான் பார்த்தாள். தான் தீட்டிய கத்தியைத்தான் அந்த மனிசன் மகனின் கழுத்தில் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுக்கு அல்பேட்டைக் கொல்லலாம்போல இருந்தது.

அஜந் பிரசங்கத்துக்குப் பிறகு வரவேண்டிய கீர்த்தனையைத் தொடங்கினான். பாதிப் பேர்தான் பாடினார்கள். கடைசிச் சரணம்வரை பிழையில்லாமல் வாசித்துவிட்டு, கீபோட்டை உறையால் மூடிவிட்டு, பக்கக் கதவால் வெளியே போனான்.

சபைக்கு உடுத்த சீலையோடு இமக்குலேற் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறப்போனவனின் கையைப் பிடித்தாள்.

"அந்த மனிசனைக் கணக்கெடுக்காத. புதன்கிழமை நான் அவரைக் கிழிச்சதில முழு மண்டபமும் சிரிச்சது, தெரியுமா?"

"தெரியும். ஸ்ரான்லி ஐயா சொன்னார்." அஜந்தின் குரலில் கோபம் இருக்கவில்லை. "அம்மா, நீங்களும் அப்பாவும் உங்கட பழைய சண்டையைப் பிடிச்சு முடிச்சீங்க. என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. நான் இப்ப உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். கிரேக்கு வேணாம், ரெண்டு வேதாகமமும் வேணாம். நீங்க என்ன நினைக்கிறீங்க? நான் இப்படி இருக்கிறது பாவமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தாய் என்றால் பொய்யாவது சொல்லியிருக்கவேண்டும். சந்தையில், சபையில், புகுந்த வீட்டில் எங்கும் பதிலுக்குத் திண்டாடாதவள், மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் அந்தக் கேள்வியை அவள் தன்னிடம்கூடக் கேட்டிருக்கவில்லை.

"எனக்குத் தெரியா மகன்" என்றாள்.

"அப்பாவுக்கெண்டாலும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அஜந் உள்ளே ஏறிப் பின்சீற்றில் போய் இருந்தான்.

பஸ் ஸ்ராட் ஆகிவிட்டது. அவளுடைய கை இன்னும் வாசல் கம்பியில் இருந்தது. கொண்டக்டர், "அம்மா, நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டான்.

அவள் கையை எடுத்தாள்.