துண்டுக்குள் நீட்டிய கை

ஓட்டுக் கேட்பதும் பருத்தி வாங்குவதும் ஒன்றுதான் என்று நான் மனதார நம்பியிருந்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் பருத்தி அரைத்துக் கொட்டை பிரிக்கும் ஆலை வைத்திருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? பின்னாளில் சென்னைச் சட்டசபை, தில்லி என்றெல்லாம் போனவன்தான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்து அந்த முதல் தேர்தலில் என் கையிருப்பு இந்த நம்பிக்கையும், கூடவே வந்த மச்சானும்தான்.

எங்கள் தொழிலில் விலையை வாய்விட்டுச் சொல்வது கிடையாது. இருவர் கைமேலும் துண்டைப் போட்டு, உள்ளே இத்தனை விரல் என்று பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

பல்லடத்தில் முதல் கூட்டம். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முன்னாலிருந்த விவசாயி ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க, உங்களச் சென்னைக்கு அனுப்புனா எங்களுக்கு என்னங்க குடுப்பீங்க?"

என் கை பழக்கப்படி வேலை செய்தது. தோளிலிருந்த துண்டை உருவி மேலே போட்டுக்கொண்டு அவர் பக்கம் நீண்டுவிட்டது, அத்தனை சனத்துக்கு முன்னால்! அவரும் சளைக்கவில்லை. மேடையேறி, துண்டுக்குள் கைவிட்டு, என் இரண்டு விரலை அழுத்திப் பிடித்துவிட்டுத் திருப்தியாக இறங்கிப் போனார். பந்தலே சிரிப்பில் குலுங்கியது.

மச்சான் காதருகே சீறினார். "மாப்ளே, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! ஊரைக் கூட்டி வெச்சு ஓட்டுக்கு வெல பேசறீங்களா?"

"ரெண்டு வெரலப் புடிச்சாருங்க, மச்சான்."

"ரெண்டுன்னா? எறநூறா, ரெண்டாயிரமா?"

"கேக்கறதுக்குள்ள எறங்கிப்போட்டாருங்க."

எதிராளி வழக்குப் போட்டால் தேர்தலோடு மானமும் போகும். மறுநாள் காலை ஆலை வாசலில் அதே விவசாயியின் மாட்டுவண்டி. வசூலுக்கே வந்துவிட்டார்! "ஐயா ஊர்ல இல்லைன்னு சொல்லு!" என்று காவல்காரனுக்குக் கத்திவிட்டு (வண்டி மாட்டுக்கும் கேட்டிருக்கும்) பஞ்சுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினேன். மூக்கில் பஞ்சு ஏறி, தும்மித் தொலைத்தேன். வருங்காலச் சட்டசபை உறுப்பினர் வெள்ளை மீசையோடு வெளிப்பட்டார்.

"அங்கியா இருக்கறீங்க?" என்றார் அவர், மரியாதை குறையாமல். "ரெண்டு மூட்டை பருத்திக்கொட்டை கேட்டனுங்களே. எருமைக்குத் தீனி இல்லீங்க. வண்டி கொண்டாந்துட்டனுங்க."

"அப்ப... ஓட்டுங்க?"

"எனக்கேதுங்க ஓட்டு? அது வரி கட்டற பெரியவிய சமாச்சாரமுங்க."

விலையைக் கொடுத்து, இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார். எதிராளி என் துண்டுக் கதையைத் தாராபுரம் வரை சொல்லிச் சிரிக்க வைத்தார். வழக்கு எதுவும் வரவில்லை. அவர் செலவிலேயே என் பேர் ஊரெல்லாம் பரவ, நான் ஜெயித்தேன்.